மூன்றாவது வரிசைச் சாக்லேட்

அந்த வீட்டில் மேஜை மேல் இருக்கும் எதையும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். வைத்தால் பல் போகும். இல்லை, வயிறு போகும்.

கீழ்த்தளம் ஸ்டூடியோ, மேல்தளம் குடித்தனம். தின்பண்டங்களை விளம்பரத்துக்காகப் படம் எடுப்பது தொழில். கணவர் கேமராவுக்குப் பின்னால். மனைவி செய்வதெல்லாம் கேமராவுக்கு முன்னால். விளக்குச் சூட்டில் நிஜ ஐஸ்கிரீம் நிற்காது. மசித்த உருளைக்கிழங்கில் சாயம் கலந்து உருட்டி வைப்பாள். கிண்ணத்துப் பால், வெள்ளைப் பசை. பளபளவென்று வழியும் தேன், இஞ்சின் ஆயில். சூப்பிலிருந்து எழும்பும் ஆவி, பின்னால் ஒளித்து வைத்த ஈரப் பஞ்சு. தொழிலில் அவளுக்குப் 'பொய்ச்சமையல்காரி' என்றே பெயர். அவள் அதைப் பட்டம் மாதிரி சுமந்தாள். அவள் செய்த பன்னைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு நிஜ பன்னை வாங்கித் தின்றவர்கள் ஏமாந்து போனதுண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் நாலு வயதுக் குழந்தையை வளர்ப்பது லேசான காரியமில்லை. குழந்தைக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் சிட்டு.

பேச்சு வந்த நாளிலிருந்தே அம்மா அவளுக்கு ஒரு பாடம் நடத்தி வந்தாள்.

"சிட்டு, இது என்ன?"

"பொய்ச்சாப்பாடு."

"தொடலாமா?"

"தொடலாம். வாயில வைக்கக் கூடாது."

"அப்போ எது நிஜச்சாப்பாடு?"

"அம்மா இல்லன்னா அப்பா முதல்ல சாப்பிட்டா, அது நிஜம்!"

கடைசி வரியைக் கை தட்டிக்கொண்டே சொல்லும். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. தோழிகளின் குழந்தைகள் சோப்பைக் கடித்தார்கள், நாணயத்தை விழுங்கினார்கள். சிட்டு மட்டும் மெழுகுத் திராட்சைக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒன்றைக்கூட நாக்கில் வைத்தவளில்லை.

கணவருக்கும் பெருமை உண்டு, அவரைப் பற்றி அவருக்கே. கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுக் கைக்குட்டை. வாயைத் திறந்தால் ஒளி, நிழல், ஆன்மா. பிஸ்கட் பொட்டலத்தைப் படம் எடுக்க முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார். கேட்டால் "மூடு வரணும்" என்பார். மூடு வருகிறவரை விளக்குகள் எரியும், மின்சாரக் கட்டணம் ஏறும், அவள் செய்த நுரை அமுங்கும். கொஞ்ச நாளாக அவருக்கு மூடு சீக்கிரமே வந்துகொண்டிருந்தது. சாயங்காலங்களில் தனியாக ஸ்டூடியோவில் நின்று, குடை மாட்டிய விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். கலை முற்றுகிறது போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த வாரம் அவளுக்கு வேறு கவலை. சாக்லேட் கம்பெனி ஒன்று வேலை கொடுத்திருந்தது. கம்பெனிச் சாக்லேட்டின் சதுர வடிவத்துக்கு ரப்பர் அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி, பழுப்பு வர்ணம் பூசி, வார்னிஷ் அடித்து அடுக்க வேண்டும். ஊற்றினால், வார்த்தவை அம்மை வார்த்த முகம் மாதிரி குழி குழியாக வந்தன. அச்சில் ஏதோ பிசுக்கு. பாத்திரம் கழுவும் சோப்பைத் திட்டிவிட்டு, வெந்நீரில் அலசி, மறுபடி வார்த்தாள்.

ஒரு வழியாக மரத்தட்டில் மூன்று வரிசை தயாரானது. முதல் வரிசை கேமராவுக்கு. இரண்டாவது பாதி மங்கும். மூன்றாவது, படத்தில் வெறும் பழுப்பு மூட்டமாகத்தான் விழும். லென்ஸே ஏறிட்டுப் பார்க்காத வரிசை அது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து அவள் பின்னறையில் வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவிலிருந்து சிட்டுவின் சிரிப்புச் சத்தம். சிரிக்கட்டும் என்று விட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. ஒரு குழந்தை அவ்வளவு நேரம் சிரிக்க உலகத்தில் விஷயம் கிடையாது. தூரிகையைப் போட்டுவிட்டு வந்தாள்.

சிட்டு கேமராவின் முக்காலியைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னடி சிரிப்பு?"

"அம்மா... குடை... குடை நடக்குது."

முக்காலியை விட்டுவிட்டு இரண்டடி வைத்தாள். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். அம்மா ஓடிப்போய்த் தூக்கியபோது தலை தோளில் சரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கன்னத்தைத் தட்டினால் இமை பாதி திறந்தது, மூடிக்கொண்டது. கை சில்லென்றிருந்தது.

"இங்க வாங்க! சிட்டுவைப் பாருங்க!"

மாடியிலிருந்து கணவர் தடதடவென்று இறங்கி வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது குழந்தையை அல்ல, மேஜையை. தட்டின் மூன்றாவது வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. அவர் முகம் வெளுத்தது. பிறகு, யாரோ காதில் ஓதியது போல, கத்தினார்.

"வார்னிஷ்! உன் வார்னிஷைத் தின்னுட்டாடி!"

அவள் செய்த சாக்லேட். அவள் அடித்த வார்னிஷ். இத்தனை பாடமும் வீண். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தட்டு என்று வாசலுக்கு ஓடினாள்.

"தட்டு எதுக்கு? வை அங்க!" என்றார் கணவர்.

"என்ன தின்னான்னு டாக்டர் கேப்பாங்க இல்ல?"

"வாயால சொன்னாப் போதாதா? சாயந்தரம் கம்பெனிக்காரங்க வர்றாங்க!"

"கம்பெனி நாசமாப் போகட்டும். வண்டிய எடுங்க!"

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். வார்த்தைகளை எடை போட்டுக் கொடுக்கிறவள். குழந்தையின் விரலில் கருவி மாட்டினாள், கண்ணில் விளக்கடித்தாள், வாயைத் திறந்து முகர்ந்தாள்.

"என்ன சாப்பிட்டா?"

"வார்னிஷ் அடிச்ச பிளாஸ்டர், டாக்டர். நான் செஞ்சது."

"வார்னிஷ் வாசனையே இல்லையே. வாயும் சிவக்கலை. என்ன வார்னிஷ்?"

சொன்னாள்.

"அதைத் தின்னா வயிறு கெடலாம், வாந்தி வரலாம். இப்படித் தள்ளாடி, எழுப்ப முடியாமத் தூங்க மாட்டா." டாக்டர் நிமிர்ந்தாள். "வீட்ல தூக்க மாத்திரை இருக்கா? வலிப்பு மாத்திரை? யாராவது குடிப்பீங்களா?"

"இல்ல, டாக்டர்."

"கஞ்சா? சாக்லேட், மிட்டாய், கேக்ல கலந்து விக்கிறாங்களே, அந்த மாதிரி?"

கணவர் பட்டுக் கைக்குட்டையைச் சரிசெய்தார். "டாக்டர், யார்கிட்ட என்ன கேக்கறீங்க? நான் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுவர்ல ஒட்டியிருக்கு."

"படத்தைப் பத்திக் கேக்கலை. குழந்தை மயங்கி வந்தா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

அதற்குள் நாத்தனார் வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த தெருவில் வீடு. ஒரு கையில் பிளாஸ்க், வாய் நிறைய புத்திமதி. கடைசிக் கேள்வி அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"நல்லாருக்கும்மா உங்க கேள்வி! என் தம்பி டீகூட ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் குடிப்பான். அவனைப் பார்த்துக் கஞ்சாவான்னு கேக்கறீங்களே, உங்க வாய்க்கு வலிக்கலை?"

"வலிக்கலை" என்றாள் டாக்டர். கணவரைப் பார்த்தாள். "இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

"இல்லைன்னே எழுதுங்க."

"சரி. அப்போ எனக்குக் காரணம் தெரியலை. காரணம் தெரியாம இப்படி ஒரு குழந்தையைத் தூங்க விட முடியாது. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். மூளைக் காய்ச்சலான்னு பாக்க முதுகெலும்புல ஊசி குத்தித் தண்ணி எடுக்கணும். யூரின் டெஸ்ட் எழுதியிருக்கேன், ஆனா அவ யூரின் போய், முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. மூச்சு ஏற்கனவே மெதுவாயிடுச்சு. இன்னும் குறைஞ்சா தொண்டையில குழாய் வைப்போம். அப்பா ஒரு கையெழுத்து போடுங்க."

கணவர் கையெழுத்துப் போட்டார். பேனா பிடித்த கை நடுங்கியது. பாசத்தில் நடுங்குகிறது என்று அக்கா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நடைபாதையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேராக மடியில் விழுந்தது. மடியில் தட்டு. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டாத்தானே? பால்னு பசை, தேன்னு ஆயில். விஷத்தைச் சட்டி சட்டியா வச்சுக்கிட்டுப் பிள்ளை வளக்கறா."

"அண்ணி, இப்போ வேண்டாம்."

"இப்போ வேண்டாம்னா எப்போ? என் தம்பி பாவம். அவன் பாட்டுக்குக் கலை, கலைன்னு கிடக்கான். இவ சமையல் ஒழுங்கா இருந்தா அவனுக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நெற்றியில் கை வைத்து, சோகத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர் மாதிரி ஒரு கோணத்தில் சாய்ந்திருந்தார்.

அவள் அழவில்லை. தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் மூன்றாவது வரிசையில் அழுந்தியிருந்தது. எடுத்தபோது சட்டென்று வரவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது.

விரலைப் பார்த்தாள். பழுப்பு அப்பியிருந்தது. வர்ணமா? அது காய்ந்து நாளாயிற்று. புடவையில் துடைத்தாள். இழுகியது.

முதல் வரிசையில் ஒன்றை எடுத்து நாற்காலிக் கையில் தட்டினாள். டொக். பிளாஸ்டர். அவளுடையது. மூன்றாவது வரிசையில் ஒன்றை எடுத்துத் தட்டினாள். சத்தமே இல்லை, முனை மட்டும் அமுங்கியது. வெயில் பட்ட பக்கம் வழிந்து கொண்டிருந்தது.

பிளாஸ்டர் உருகாது. உலகம் அழிந்தாலும் உருகாது. அதற்காகத்தானே பிளாஸ்டரில் செய்வது!

முகர்ந்து பார்த்தாள். சாக்லேட் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று, மழையில் நனைந்து மக்கிய வைக்கோல் மாதிரி, பச்சையாக, குமட்டலாக.

பிறகு ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. அச்சில் இருந்த பிசுக்கு, சோப்பின் குற்றமில்லை. அவளுடைய அச்சிலேயே யாரோ கொழுப்பு ஊற்றி வார்த்திருக்கிறார்கள். சாயங்காலச் சிரிப்பு, கலை முற்றியதில்லை. குழந்தையைப் பார்க்கும் முன்பே மேஜையைப் பார்த்த கண். 'தட்டு எதுக்கு? வை அங்க!' என்ற பதற்றம்.

எப்பேர்ப்பட்ட மூளை! மனைவியிடம் மறைக்க வேண்டும். அலமாரி, பீரோ, பை எல்லாவற்றையும் அவள் தொடுவாள். அவள் தொட்டாலும் வாயில் வைக்காத ஒரே இடம் எது? மேஜை. அதிலும் யாரும் பார்க்காத மூன்றாவது வரிசை. வீட்டில் எவரும் தின்னாத பொய்ச்சாப்பாட்டுக்கு நடுவே, அவள் வைத்த மூன்றாவது வரிசையை எடுத்துவிட்டு நிஜத்தை அடுக்கி வைத்துக்கொண்டு, மூடு வேண்டும்போது எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார் மகா கலைஞர்.

சிட்டு பார்த்திருக்கிறாள்.

அம்மா இல்லன்னா அப்பா முதல்ல சாப்பிட்டா, அது நிஜம்!

குழந்தை பாடத்தை மறக்கவில்லை. வரி பிசகாமல் நடந்திருக்கிறது.

அவள் எழுந்து கணவர் முன்னால் போய் நின்றாள். முனை அமுங்கிய சதுரத்தை நீட்டினாள்.

"இந்தாங்க. கடிங்க."

"என்ன விளையாட்டு இது?"

"நான் செஞ்சதுன்னா பல்லு உடையும். உடையட்டும், ஆஸ்பத்திரியிலதானே இருக்கோம். கடிங்க."

நாத்தனார் கையை உதறினாள். "இவளுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?"

"நீங்க கடிக்கிறீங்களா அண்ணி? நல்ல சாக்லேட். உங்க தம்பி தன் கையால செஞ்சது."

கணவர் எழுந்து, குரலைத் தணித்தார். "மெதுவாப் பேசு... அக்கா இருக்கா..."

அதுவரை அவரை 'நீங்க' என்று தவிர அவள் கூப்பிட்டதில்லை.

"உள்ள உன் பொண்ணு முதுகுல ஊசி குத்தப் போறாங்க. நீ கையெழுத்து போட்டிருக்கே. என்னன்னு தெரிஞ்சே போட்டிருக்கே. இப்போ உனக்கு அக்கா காது பெருசாப் போச்சா?"

"கொஞ்சம்தான்... கஞ்சா எண்ணெய்... மூடுக்காக... அந்த ஜூஸ் படம் எவ்வளவு நல்லா வந்துச்சு, நீயே சொன்னே இல்ல..."

அவள் பட்டுக் கைக்குட்டையின் முடிச்சைப் பிடித்தாள். கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போய், மூடியிருந்த கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

உள்ளே சிட்டுவைப் பக்கவாட்டில் வளைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் அந்தச் சின்ன முதுகில் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் கையில் கையுறை.

"நிறுத்துங்க டாக்டர். இவருக்கு ஒண்ணு ஞாபகம் வந்திருக்கு." கைக்குட்டையை ஒரு குலுக்கு குலுக்கினாள். "சொல்லு."

அவர் சொன்னார். தரையைப் பார்த்து, விழுங்கி விழுங்கி, பாதியை முணுமுணுப்பாகச் சொன்னார். எண்ணெயைச் சாக்லேட்டில் கலந்தது, அச்சில் வார்த்தது, தட்டில் அடுக்கியது. ஒரு சதுரத்தில் எவ்வளவு என்று டாக்டர் கேட்டாள். பெரியவர்களுக்கு அரைச் சதுரமே போதும் என்றார்.

"குழந்தை முழுசாத் தின்னிருக்கா."

"இயற்கையானதுதானே டாக்டர்... செடிதானே..."

"அரளியும் செடிதான்." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "அரை மணி முன்னாடி நான் கேட்டேன். உங்களுக்குக் காதுல விழுந்துச்சு. இவளைத் தூக்கிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தாச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா ஊசி இறங்கியிருக்கும். எதுக்கு? உங்க மானத்துக்கு. அந்த மானம் இப்போ எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

மானம் எங்கும் தென்படவில்லை.

"மாத்து மருந்து உண்டா டாக்டர்?" என்றாள் அம்மா.

"கிடையாதும்மா. உடம்பு தானா வெளியேத்தணும். அதுவரைக்கும் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாத்தையும் நாங்க காவல் காக்கணும். புகைச்சா உடனே ஏறும். தின்னா மெதுவா ஏறும். குழந்தை தின்னுட்டு நல்லாத்தான் விளையாடிட்டு இருந்திருப்பா, ஒரு மணி, ரெண்டு மணி கழிச்சுச் சாயும். இவ எடைக்கு அந்த ஒரு துண்டு ரொம்ப அதிகம். சிலதுக்கு வலிப்பு வரும், சிலதுக்கு மூச்சே நின்னு போகும். பெரும்பாலும் ஒரு நாள்ல தெளிஞ்சிடும். ஆனா தெளியற வரைக்கும் நான் வாக்கு கொடுக்க மாட்டேன்." கணவர் பக்கம் திரும்பாமலே சேர்த்தாள்: "குழந்தைகள் நல அதிகாரிக்குத் தகவல் போகும். அது என் கடமை. போலீஸுக்குச் சொல்றதா வேண்டாமான்னு அவங்க பாத்துப்பாங்க."

மூச்சுக் கருவி ஒருமுறை அலறியது. நர்ஸ் ஓடி வந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தாள். குழாய் தயாராகத் தட்டில் இருந்தது. அம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தட்டை விட்டு எழும்பக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. எழும்பவில்லை. மூச்சு மெதுவாகத் திரும்பி, தாளம் பிடித்தது.

வெளியே நாத்தனார் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அது ஐந்து நிமிஷம் தாங்கியது.

"யாரோ கெட்ட சகவாசம். அவனா செய்யறவன் இல்ல."

மறுநாள் மதியம் சிட்டு கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். நர்ஸ் ஒரு பிஸ்கட்டை நீட்டியதும் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. அம்மா ஒரு முனையைக் கடித்துத் தின்று காட்டிய பிறகுதான் வாங்கியது.

"சிட்டு, தட்டுல இருந்ததை ஏண்டா சாப்பிட்டே?"

"அப்பா சாப்பிட்டாங்க. தினம் சாப்பிட்டாங்க. அது நிஜம்தானே அம்மா?"

அப்பா ஜன்னல் வழியாக வெளியே ரொம்ப முக்கியமான ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியம்மா வருவதற்குச் சற்று முன்னால் அவர் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண் அவருக்கு நன்றாகவே அமையும்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. உன் வார்னிஷ்னு சொன்னா அது விபத்து. என் சாக்லேட்னு சொன்னா அது கேஸ். டாக்டர் எழுதினதைப் பேசிச் சரிபண்ணிக்கலாம். குடும்பத்துக்காக நீ கொஞ்சம்..."

"குடும்பத்துக்காக நான் என் பிள்ளைக்கு விஷம் வச்சவளாகணும்."

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான்" என்றாள் அவள். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அச்சின் பிசுக்கு உட்பட.

அவர் அழுதார். குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இனி தொடமாட்டேன், இருந்ததெல்லாம் அந்தத் தட்டில் இருந்ததுதான், வீட்டில் துரும்பு கிடையாது. அக்காவும் கூடச் சேர்ந்து அழுதாள். அதிகாரி நிறைய அழுகை பார்த்தவள். விசாரணை முடியும்வரை ஒரே நிபந்தனை என்றாள்: வீட்டில் இனி ஒரு துண்டு இருந்தாலும் அவர் குழந்தையோடு ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாது. "இருக்காது மேடம்" என்றார் அவர், உள்ளங்கையை நெஞ்சில் வைத்து.

வீடு திரும்பியதும் அவள் முதல் வேலையாகத் தன் புருஷன் மாதிரி யோசித்துப் பார்த்தாள். கடினமாக இல்லை. யாரும் வாயில் வைக்காத இடம் எது? ஸ்டூடியோ அலமாரியின் மேல் தட்டில், அவளே சிவப்பு மையில் மண்டையோடு வரைந்து ஒட்டிய ஜாடி. காஸ்டிக் சோடா வைக்கிற ஜாடி. இப்போது காலியாக இருக்க வேண்டியது. மூடியைத் திறந்தாள். சதுரம் சதுரமாக, காகிதம் சுற்றி, அழகாக அடுக்கியிருந்தது.

சதுரங்களை அப்படியே பையில் போட்டு அதிகாரியின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அதிகாரி.

"கேட்டா, இது இருந்ததே மறந்து போச்சும்பார். திரும்பவும் அழுவார். அவர் அக்காவும் அழுவாங்க. மறந்தாரா இல்லையான்னு நானே தெரிஞ்சுக்கிறேன் மேடம்."

அதிகாரி பையை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். "குழந்தை அதுவரைக்கும்?"

"என் கண்ணை விட்டு நகராது. ஜாடி இருக்கிற அறைக்குப் பூட்டு போட்டாச்சு. சாவி எனக்கும் அவருக்கும் மட்டும்தான்."

"அடுத்த விசாரணை வரைக்கும்தான்" என்றாள் அதிகாரி.

வீட்டுக்கு வந்து அச்சை எடுத்தாள். தொழிலில் அவள் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. பிளாஸ்டரை நன்றாக இறுகக் குழைத்தாள். வர்ணத்துக்கு நாலு பூச்சு. வாசனைக்குக் கொஞ்சம் கோகோ தூள் தடவினாள். அதே காகிதம், அதே மடிப்பு. ஜாடியை நிரப்பி, மூடி, அதே இடத்தில் வைத்தாள். நிஜமாகவே மறந்திருந்தால் அது அங்கேயே கிடந்து தூசி படியட்டும். அப்படிப் படிந்தால் அவளும் ஒரு நாள் மன்னிக்கலாம். மனசின் ஒரு மூலையில் தூசி படிய வேண்டும் என்றே இருந்தது. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

தூசி படிய அவகாசம் கிடைக்கவில்லை.

சாக்லேட் கம்பெனி இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுத்திருந்தது. படப்பிடிப்பன்று காலையில் அவர் கேமராவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூடுக்குத் தனிமை வேண்டுமாம். அவள் மாடியில் சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சோபாவில் உட்கார்ந்து, தம்பி எப்படி இளைத்துப் போய்விட்டான் என்று வர்ணித்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒரு சத்தம். 'கடக்'. தொடர்ந்து, கலைக்கும் ஆன்மாவுக்கும் சம்பந்தமில்லாத ஓர் அலறல்.

அவர் மேலே வந்தபோது கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தார். பட்டுக் கைக்குட்டையில் ரத்தம்.

"ஐயோ, என்னடா ஆச்சு?" நாத்தனார் துள்ளி எழுந்தாள்.

"பாத்ரூம்ல... வழுக்கிருச்சுக்கா."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பாத்ரூமைக் காய வைன்னு? இந்த வீட்ல ஒரு வேலை ஒழுங்கா நடக்குதா? அவன் பல்லு போச்சே!"

பொய்ச்சமையல்காரி சீப்பை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மண்டையோட்டு ஜாடியையும், குப்பைக்கூடையில் கிடந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். சாப்பாட்டு மேஜை மேல் ஜாடியைக் கவிழ்த்தாள். டொக் டொக்கென்று சதுரங்கள் உருண்டன. கூடையில் கிடந்ததைத் தனியாக, நாத்தனார் முன்னால் வைத்தாள். காகிதம் பாதி உரித்திருந்தது. ஒரு மூலையில் கடித்த தடம். தடத்தில் வெள்ளையாக, சின்னதாக, உடைந்த பல்லின் சில்லு.

"இதுலதான் அண்ணி வழுக்கினாரு."

நாத்தனார் பார்த்தாள். தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள். சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

அவர் அழ ஆயத்தமானார். பல் வலியில் அதுவும் சரியாக அமையவில்லை.

"பெட்டி வாசல்கிட்ட இருக்கு" என்றாள் அவள். "ஜாடி நிரப்பின அன்னைக்கே துணி அடுக்கி வச்சேன். தேவைப்படாதுன்னு நினைச்சேன். அதிகாரிக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

"என் கேமரா..."

"எடுத்துட்டுப் போ. மேஜை மட்டும் இங்க இருக்கும்."

நாற்காலியில் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சிட்டு, கடித்த சதுரத்தைக் கையில் எடுத்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, கிண்டலில்லை. பாடம் படிக்காத பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுமை மட்டும் இருந்தது.

"அப்பா, இது பொய்ச்சாப்பாடு. தொடலாம். வாயில வைக்கக் கூடாது."